கோர் மெமரி: கம்பியில் கோத்த காந்த வளையங்கள் நினைவகமான விதம்

1959இல் ஐ.பி.எம். வெளியிட்ட 7090 என்ற மெயின்பிரேம் கணினியின் நினைவகத்தில் 32,768 சொற்கள் இருந்தன. சொல் என்பது கணினி ஒரே தடவையில் கையாளும் தகவல் துண்டு, பிட் என்பது அதில் உள்ள ஒரு 0 அல்லது 1. ஒரு சொல்லுக்கு 36 பிட். பெருக்கினால் 11,79,648 பிட்கள். ஒரு பிட்டுக்கு ஒரு காந்த வளையம் என்ற கணக்கில் ஏறக்குறைய 12 லட்சம் குட்டி வளையங்கள், மெல்லிய செப்புக் கம்பிகளில் கோக்கப்பட்டு, அந்த இயந்திரத்துக்குள் அடுக்கடுக்காக இருந்தன. இதற்குத்தான் கோர் மெமரி என்று பெயர். 1950களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை, கணினி என்று சொல்லிக்கொண்ட அநேகமாக எல்லா இயந்திரங்களுக்கும் முதன்மை நினைவகம் இதுதான்.

காந்தம் தகவலைச் சேமித்து வைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. டேப் ரெக்கார்டரும் அதைத்தான் செய்தது. என்னைக் கேட்டால், கோர் மெமரியின் உண்மையான சாமர்த்தியம் வேறோர் இடத்தில் இருக்கிறது. 12 லட்சம் வளையங்களில் நமக்கு வேண்டியதை மட்டும், பக்கத்தில் இருப்பதைக் கலைக்காமல், ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எப்படித் தொடுவது? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் இதில் ரசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் ஒரே ஒரு வளையத்தை எடுத்துக்கொள்வோம். அது ஃபெரைட் என்ற பொருளால் ஆனது. இரும்பு ஆக்சைடுடன் வேறு சில உலோக ஆக்சைடுகளைக் கலந்து, பொடியாக்கி, அழுத்தி, சூளையில் சுட்டு எடுக்கும் கருநிறப் பீங்கான் அது. வளையத்தின் நடுவே ஒரு கம்பியை நுழைத்து மின்சாரம் செலுத்தினால், கம்பியைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகும். மின்சாரம் ஒரு திசையில் போனால் வளையம் வலஞ்சுழியாகக் காந்தமேறும். எதிர்த்திசையில் போனால் இடஞ்சுழியாக. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் காந்தம் அப்படியே தங்கிவிடும். ஒரு சுழியை 1 என்றும் மற்றதை 0 என்றும் வைத்துக்கொண்டால் ஒரு பிட் தயார்.

ஆனால் எல்லாக் காந்தப் பொருள்களும் இதற்குச் சரிப்பட்டு வந்துவிடாது. சாதாரண இரும்பில், கொஞ்சம் மின்சாரம் செலுத்தினால் காந்த நிலை கொஞ்சம் மாறும், இன்னும் செலுத்தினால் இன்னும் கொஞ்சம் மாறும். இங்கே தேவைப்பட்டது அப்படி இழுபறியாக மாறாத ஒரு பொருள். பழைய வீடுகளில் இருக்கும் கறுப்பு நிற மின்விளக்கு சுவிட்சை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி அழுத்திவிட்டு விரலை எடுத்தால் பழைய நிலைக்கே வந்துவிடும். ஓர் எல்லையைத் தாண்டி அழுத்தினால் ‘டக்’கென்று மறுபக்கம் சாயும், அப்புறம் கையை எடுத்தாலும் அங்கேயே நிற்கும். நல்ல கோர் ஃபெரைட்டின் நடத்தை இதுதான். செலுத்தும் மின்சாரத்தையும் வளையத்தின் காந்த நிலையையும் வரைபடத்தில் போட்டால் கிட்டத்தட்ட ஒரு சதுரம் கிடைக்கும். எல்லைக்குக் கீழே எவ்வளவு தள்ளினாலும் அநேகமாக எதுவும் நடக்காது. எல்லையைத் தாண்டினால் முழுசாகப் புரண்டுவிடும்.

இந்த ஒரு குணத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

இனி ஒரு சிறிய கணினியை வைத்துப் பார்ப்போம், எண்கள் கைக்கு அடங்கும். 1965இல் வந்த டி.இ.சி. நிறுவனத்தின் பி.டி.பி.-8 கணினியில் 4,096 சொற்கள், ஒவ்வொன்றிலும் 12 பிட். மெயின்பிரேம்களிலும் அடிப்படை முறை இதேதான், எண்ணிக்கைதான் வேறு. 4,096 வளையங்களை 64 வரிசை, 64 நிரல் என்று ஒரு சதுரத் தட்டாக அமைக்கிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கம்பி, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கம்பி. எந்த வளையத்தை எடுத்தாலும் அதன் வழியாக ஒரு வரிசைக் கம்பியும் ஒரு நிரல் கம்பியும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். ஆளுக்கொரு கம்பி வைத்திருந்தால் 4,096 கம்பிகளும், அவற்றை இயக்க 4,096 மின்சுற்றுகளும் வேண்டியிருக்கும். இப்போது 128 போதும்.

கணினிக்கு 1,128ஆம் முகவரியில் உள்ள சொல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த முகவரி 12 பிட் கொண்ட ஓர் எண். அதன் முதல் 6 பிட்கள் வரிசையைச் சொல்லும், அடுத்த 6 பிட்கள் நிரலைச் சொல்லும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 1,128 என்பது 17ஆம் வரிசை, 40ஆம் நிரல். இப்போது 17ஆம் வரிசைக் கம்பியில், வளையத்தைப் புரட்டத் தேவையான மின்சாரத்தில் பாதியை மட்டும் செலுத்துகிறோம். 40ஆம் நிரல் கம்பியில் இன்னொரு பாதி. இரண்டு கம்பிகளும் சந்திக்கும் அந்த ஒரே ஒரு வளையத்துக்கு மட்டும் இரண்டு பாதியும் சேர்ந்து முழு மின்சாரமாகக் கிடைக்கும். அது புரளும். அதே வரிசையில் உள்ள மற்ற 63 வளையங்களுக்கும், அதே நிரலில் உள்ள மற்ற 63 வளையங்களுக்கும் பாதி மட்டுமே கிடைக்கும். பாதி அழுத்திய சுவிட்சுகள் அவை, அசையாது. தட்டில் மிச்சமுள்ள 3,969 வளையங்களுக்கு எதுவும் போய்ச் சேராது.

எந்த வளையத்தைத் தொட வேண்டும் என்பதை வளையங்களே முடிவு செய்துவிடுகின்றன என்பதைக் கவனித்தீர்களா? ‘இரண்டு பக்கமும் சைகை வந்தால்தான் அசைவேன்’ என்ற தர்க்கம் அந்தப் பீங்கான் துண்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று தனியே வால்வோ (வெற்றிடக் குழாய்) டிரான்சிஸ்டரோ வைக்க வேண்டியதில்லை. ஒரு வால்வு பல டாலர் விலை விற்ற காலத்தில் இது எவ்வளவு பெரிய மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எழுதியாயிற்று. படிப்பது எப்படி?

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். வளையம் எந்தச் சுழியில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அது சும்மா இருக்கும்போது கம்பியில் எந்த மின்சாரத்தையும் உண்டாக்காது. காந்த நிலை மாறும் கணத்தில் மட்டும்தான், அதன் வழியே போகும் இன்னொரு கம்பியில் ஒரு சிறு மின் துடிப்பு தோன்றும். ஆகவே ஒரே வழிதான்: அதைத் தள்ளிப் பார்ப்பது. குறிப்பிட்ட வளையத்தை 0 பக்கம் புரட்டும்படி இரண்டு பாதி மின்சாரங்களையும் செலுத்துகிறார்கள். வளையத்தில் ஏற்கெனவே 0 இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. 1 இருந்தால் அது புரளும், புரளும்போது உணர்கம்பி என்ற மூன்றாவது கம்பியில் சில பத்து மில்லிவோல்ட் அளவுக்கு ஒரு துடிப்பு எழும். துடிப்பு வந்தால் ‘1 இருந்தது’, வராவிட்டால் ‘0 இருந்தது’.

‘இருந்தது’ என்று இறந்தகாலத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. படித்து முடித்ததும் வளையம் எப்படியும் 0 ஆகிவிட்டது. படிப்பதே அழிப்பதுதான். இப்படிப்பட்ட ஒன்றை வைத்து நினைவகம் கட்ட முடியுமா என்று 1940களின் இறுதியில் ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். காந்த நிலையைக் கலைக்காமல் படிக்க ஏதாவது வழி உண்டா என்று தேடினார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிய ஆன் வாங், ஷாங்காயில் பிறந்து அமெரிக்கா வந்தவர். அவருக்குத் தோன்றிய யோசனை ரொம்ப எளிது: அழிந்தால் அழியட்டுமே. என்ன இருந்தது என்று படிக்கும்போதே தெரிந்துவிடுகிறது, உடனே அதைத் திரும்ப எழுதிவிட்டால் போயிற்று. 1949இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

ஆகவே கோர் மெமரியில் ஒவ்வொரு வாசிப்புக்கும் இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதியில் படித்து அழிப்பது, இரண்டாம் பாதியில் படித்ததைத் திரும்ப எழுதுவது. பி.டி.பி.-8இல் இந்த முழுச் சுற்றுக்கும் 1.5 மைக்ரோ செகண்டு ஆனது (ஒரு மைக்ரோ செகண்டு என்பது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு).

திரும்ப எழுதுவதில் இன்னொரு சின்னச் சிக்கல் இருக்கிறது. 12 பிட் சொல்லுக்கு 12 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாக 128 இயக்கும் சுற்றுகள் வைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் 17ஆம் வரிசைக் கம்பி முதல் தட்டில் நுழைந்து, 12 தட்டுகளின் 17ஆம் வரிசைகளையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே வரும். நிரல் கம்பிகளும் அப்படியே. அப்படியென்றால் எழுதும்போது 12 தட்டுகளிலும் அந்த இடத்தில் உள்ள வளையங்கள் எல்லாமே 1 ஆகிவிடுமே? நமக்குச் சிலது 0 ஆகவே இருக்க வேண்டுமே?

அதற்குத்தான் நான்காவது கம்பி, தடுப்புக் கம்பி. ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று, அந்தத் தட்டின் எல்லா வளையங்கள் வழியாகவும் போகும். எந்தத் தட்டில் 0 வேண்டுமோ, அதன் தடுப்புக் கம்பியில் எதிர்த்திசையில் பாதி மின்சாரம் விடுகிறார்கள். இரண்டு பாதியில் ஒரு பாதி அடிபட்டுப் போக, அந்த வளையத்துக்கு மிஞ்சுவது பாதிதான். புரளாது, 0 ஆகவே நிற்கும். தட்டில் உள்ள மற்ற வளையங்களுக்கும் கூடிப்போனால் எதிர்த்திசையில் ஒரு பாதி. அவையும் அசையாது. கூட்டிக் கழித்தால் எல்லாம் சரியாக வருகிறது. இதைக் கோடு போட்டு ஒருமுறை நீங்களே சரிபார்த்தால் மறக்கவே மறக்காது.

தாளில் எல்லாம் சுலபமாக வேலை செய்கிறது. நடைமுறையில், பாதி மின்சாரம் பெற்ற வளையங்கள் அறவே அசையாமல் இருப்பதில்லை. புரளாவிட்டாலும் லேசாகச் சிணுங்கும். ஒவ்வொன்றும் உணர்கம்பியில் ஒரு பொட்டு இரைச்சலைச் சேர்க்கும். 126 வளையங்களின் சிணுங்கல் ஒன்றுசேர்ந்தால் நமக்கு வேண்டிய ஒற்றைத் துடிப்பையே மூழ்கடித்துவிடும். ஆகவே உணர்கம்பியை நேராகக் கோக்காமல் மூலைவாட்டில் கோத்தார்கள். பாதி வளையங்களுக்குள் ஒரு பக்கமாகவும் மீதிப் பாதிக்குள் மறுபக்கமாகவும் அது நுழையும். அதனால் இரைச்சல்கள் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் இரைச்சல் சீக்கிரம் அடங்கிவிடும், உண்மையான துடிப்பு சற்றுப் பிந்தி உச்சம் தொடும். அந்த இடைவெளியைக் கணக்குப் பண்ணி, சரியான கணத்தில் மட்டும் உணர்கம்பியைக் கேட்கும்படி மின்சுற்றை அமைத்தார்கள். பழைய கோர் தட்டுகளின் படங்களில் அந்த மூலைவாட்டுக் கம்பியைப் பார்க்கலாம். அழகுக்குப் போட்ட பின்னல் மாதிரித் தெரியும், ஆனால் அது இரைச்சலைக் கொல்லும் ஏற்பாடு.

வரிசை, நிரல், பாதி மின்சாரம் என்ற இந்த ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டருக்கு. அவர் தலைமையில் உருவான வேர்ல்விண்ட் கணினி, அமெரிக்கக் கடற்படைக்கான விமானப் பயிற்சிக் கருவியாகத் தொடங்கி, பின்னால் ரேடார் தகவல்களைக் கொண்டு வான் எல்லையைக் காக்கும் வேலைக்குத் திரும்பியது. விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே கணக்கு முடிய வேண்டும். அன்றைக்கு இருந்த நினைவகங்களோ ஒன்றும் தேறவில்லை. பாதரசக் குழாயில் ஒலி அலைகளை ஓடவிட்டுத் தகவலை வைத்திருப்பது ஒரு முறை. அதில் வேண்டிய பிட் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். சுழலும் காந்த உருளையிலும் அதே கதை. தொலைக்காட்சிப் படக்குழாய் போன்ற குழாய்களின் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாகச் சேமிப்பது மூன்றாவது முறை. வேர்ல்விண்டில் முதலில் இருந்தது அந்த வகைதான். வேகம் உண்டு, ஆனால் குழாய்களின் விலை அதிகம், ஆயுள் குறைவு, நம்பவும் முடியாது.

1949இல் காந்தப் பொருள் ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்து ஃபாரஸ்டருக்குப் பொறி தட்டியது. முதலில் உலோக நாடாவைச் சுற்றிச் செய்த வளையங்களில் முயன்றார். புரள்வதற்கு நேரம் பிடித்தது. ஃபெரைட் பீங்கானுக்கு மாறியதும் மைக்ரோ செகண்டு வேகம் கைக்கு வந்தது. அவருடைய மாணவர் வில்லியம் பேப்பியன் சோதனைகளைச் செய்தார். புதிய நினைவகத்தைச் சோதிப்பதற்கென்றே ஒரு தனிக் கணினியைக் கட்டினார்கள். அதைக் கட்டிய கென் ஓல்சன்தான் பின்னாளில் டி.இ.சி. நிறுவனத்தைத் தொடங்கியவர். 1953 ஆகஸ்டில் கோர் மெமரி வேர்ல்விண்டுக்குள் போனது. அளவு 1,024 சொற்கள், சொல்லுக்கு 16 பிட், அதாவது 2 கிலோபைட். நினைவகப் பராமரிப்புக்கு தினமும் 4 மணி நேரம் செலவாகிக்கொண்டிருந்த இடத்தில், அதற்குப் பிறகு வாரத்துக்கு 2 மணி நேரம் போதுமானதாக இருந்தது.

அப்புறம் காப்புரிமைச் சண்டைகள். அதை விரிவாகச் சொன்னால் தனிக் கட்டுரையாகிவிடும். வாங்கின் காப்புரிமையை 1956இல் ஐ.பி.எம். 5 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஃபாரஸ்டரின் காப்புரிமைக்காக 1964இல் எம்.ஐ.டி.க்கு 1.3 கோடி டாலர் கொடுத்தது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஜான் ராய்ச்மனும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே யோசனையில் வேலை செய்துகொண்டிருந்தார். காலம் கனிந்திருந்தது, பல கைகள் ஒரே சமயத்தில் எட்டிப் பறித்தன.

இவ்வளவு வளையங்களையும் யார் கோத்தது? பெரும்பாலும் பெண்கள். 1950களில் வளையத்தின் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். 1960களின் இறுதியில் அது 0.33 மில்லிமீட்டர் வரை சிறுத்துவிட்டது. சின்ன வளையம் வேகமாகப் புரளும், குறைந்த மின்சாரம் போதும் என்பதால் எல்லோரும் அதைத்தான் விரும்பினார்கள். கோப்பவர்களின் பாடுதான் திண்டாட்டம். உருப்பெருக்கி வழியாகப் பார்த்துக்கொண்டே, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓட்டைக்குள் நான்கு கம்பிகளை நுழைக்க வேண்டும். 128க்கு 128 கொண்ட ஒரு தட்டில் நேர்க்கம்பிகளைக் கையால் கோக்க 25 மணி நேரம் ஆனது. உள்ளீடற்ற ஊசிகளை வரிசையாக நுழைத்து அவற்றின் வழியே கம்பியைச் செலுத்தும் இயந்திரத்தை ஐ.பி.எம். செய்த பிறகு அது 12 நிமிடமாகக் குறைந்தது. மூலைவாட்டு உணர்கம்பி மட்டும் இயந்திரத்துக்குப் பிடிகொடுக்கவில்லை, அதற்குக் கைதான் வேண்டியிருந்தது. பிறகு இந்த வேலை கூலி குறைந்த கிழக்காசிய நாடுகளுக்கும் போனது. தொடக்கத்தில் பிட்டுக்கு ஒரு டாலர் அளவில் இருந்த விலை கடைசியில் ஒரு சென்ட் அளவுக்கு இறங்கியது. அந்த மலிவு விலையிலேயே இன்றைய 8 ஜிபி நினைவகத்தைக் கட்டினால் சுமார் 6,870 கோடி வளையங்கள், 68 கோடி டாலருக்கு மேல் செலவு.

ஃபெரைட்டுக்கு வெப்பநிலையும் ஒரு தொல்லை. சூடு ஏறினால் வளையம் புரள்வதற்குக் குறைவான மின்சாரமே போதும். அப்போது பாதி மின்சாரம் பாதியாக நிற்காமல் எல்லையை நெருங்கும், மொத்தக் கணக்கும் குலையும். சூட்டுக்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது ஒரு வழி. வளையங்களை ஒரே சூட்டில் வைத்திருப்பது இன்னொரு வழி. ஐ.பி.எம். 1620 என்ற கணினியில் நினைவகத்தைச் சுற்றிச் சூடான காற்று. காலையில் போட்டால் 41 டிகிரி செல்சியஸை எட்ட அரைமணி நேரம்கூட ஆகலாம். 7090இல் வளையத் தட்டுகளை வெதுவெதுப்பான எண்ணெயிலேயே மூழ்க வைத்தார்கள்.

அந்த 1620 ரகக் கணினி ஒன்று 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்தது. அதற்கும் முன்பே பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் சொந்தமாக ஒரு கணினியைக் கட்டிவிட்டது. டிஃப்ராக் என்ற அந்த இயந்திரம் 1960இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நினைவகம் 2,048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட், எல்லாம் ஃபெரைட் வளையங்கள். வடிவமைத்த குழுவை நடத்தியவர் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155இலும் முதன்மை நினைவகம் கோர்தான். அந்த வரிசையில் கோரோடு வந்த கடைசி மாடல்களில் அதுவும் ஒன்று.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களின் கணினியில் ‘கயிறு நினைவகம்’ இருந்தது என்று படித்திருப்பீர்கள். அதிலும் காந்த வளையங்கள்தான், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. அங்கே வளையம் பிட்டைச் சேமிப்பதில்லை. கம்பி வளையத்துக்குள் போனால் 1, வெளியே ஒதுங்கிப் போனால் 0. கணினிக்கான புரோகிராமைக் கம்பியாகவே பின்னிவிட்டார்கள், அப்புறம் மாற்ற முடியாது. அப்படி 36,864 சொற்கள். அதே கணினியில் எழுதி அழிக்கக்கூடிய சாதாரண கோர் மெமரியும் 2,048 சொற்கள் அளவில் இருந்தது.

கோர் மெமரியின் இன்னொரு நல்ல குணம், மின்சாரம் போனாலும் தகவல் போகாது. கதிர்வீச்சையும் தாங்கும். அதனால்தான் மற்ற இடங்களில் அது வழக்கொழிந்த பிறகும் அமெரிக்க விண்வெளி ஓடங்களின் கணினிகளில் 1990 வாக்கு வரை நீடித்தது.

பூமியில் அதன் கதையை முடித்தது 1970 அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சில்லு. 1,024 பிட்கள், அதாவது 32க்கு 32 வளையத் தட்டு ஒன்றின் கொள்ளளவு, விரல்நுனி அளவுச் சிலிக்கானில். யாரும் கோக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளிலேயே விலையில் கோரை முந்திவிட்டது. ஆனால் இன்று உங்கள் கணினியில் இருக்கும் டிராம் (DRAM) என்ற நினைவகச் சில்லுகளைப் பிரித்துப் பார்த்தால் பழைய ஏற்பாடு அப்படியே தெரியும். பிட்டுகள் வரிசையும் நிரலுமாகத்தான் நிற்கின்றன. வளையத்துக்குப் பதில் ஒரு குட்டி மின்தேக்கி, அதற்கு ஒரு டிரான்சிஸ்டர். மின்தேக்கியைப் படித்தால் அதன் மின்னூட்டம் கலைந்துவிடும், ஆகவே படித்த உடனே திரும்ப எழுதுகிறார்கள். கூடுதலாக, மின்தேக்கி தானாகவும் கசியும் என்பதால் 64 மில்லி செகண்டுக்கு ஒருமுறை எல்லா வரிசைகளையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஃபெரைட் வளையத்துக்கு அந்த வேலை தேவைப்பட்டதே இல்லை.